கிளப் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டுவது எப்படி? மலை ஊர்க் கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

குன்னூர், கோத்தகிரி, கூடலூர், உதகை என்று நீலகிரியில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு கால்பந்து கிளப் இருக்கும். அந்தக் கிளப்பை வாய் ஓயாமல் திட்டுகிற ஒரு கூட்டமும் இருக்கும். செயலாளர் பத்து வருஷமாக நாற்காலியை விடவில்லை, டோர்னமென்ட் கணக்கு வெளியே வரவில்லை, உள்ளூர்ப் பையன்களை உட்கார வைத்துவிட்டு வெளியூர் ஆட்களை இறக்குகிறார்கள், பெண் பிள்ளைகளுக்கு டீமே கிடையாது... எல்லா ஊரிலும் புகார் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இந்தப் புகார்களில் பெரும்பாலானவை டீக்கடையைத் தாண்டிப் போவதில்லை. நான் பார்த்த வரைக்கும் காரணம் ஒன்றே ஒன்று. மைதானத்தின் ஓரம் நின்று அதிகமாகக் கத்துகிறவர்கள் யாரும் கிளப்பின் உறுப்பினர் பட்டியலில் இருப்பதில்லை. மழையில் நனைந்தபடி பார்க்கிறோம், ஜெர்சிக்குக் காசு கொடுக்கிறோம், ஃபைனலுக்கு ஜீப் பிடித்துப் போகிறோம். ஆனால் காகிதத்தில் நாம் யாரும் இல்லை. நிர்வாகம் நம்மை மதிக்காமல் இருக்க அது ஒன்றே போதும். அந்தக் காகிதத்துக்குள் நுழைவதற்கான வழிதான் இந்தக் கட்டுரை.

படி 1: எதன் மேல் கோபம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு தாளை எடுத்து உங்கள் புகார்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இது ஆட்டமா, நிர்வாகமா, அல்லது கிளப்பின் கையிலேயே இல்லாத விஷயமா என்று குறியுங்கள்.

கோச் 4-4-2 ஆடுகிறார், லெஃப்ட் பேக்கை மாற்றவில்லை என்பதெல்லாம் ஆட்டம். அதை நிர்வாகப் புகாரோடு கலந்தால் செயலாளர் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "இவங்களுக்கு ஃபுட்பாலே தெரியாது" என்று மொத்தத்தையும் தள்ளிவிடுவார். கணக்கு, தேர்தல், மைதானம், உறுப்பினர் சேர்க்கை, நன்கொடை, சிறுவர் பயிற்சி ஆகியவை நிர்வாகம்.

மூன்றாவது வகையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோத்தகிரியிலும் குன்னூரிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்ச் தள்ளிப்போவதும், கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் மைதானம் சேறாகக் கிடப்பதும் யாருடைய ஊழலும் இல்லை. தேசிய அளவிலும் இப்படித்தான். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010-ல் 15 ஆண்டுக்குப் போட்ட வணிக ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிந்தது. புது ஏற்பாடு நேரத்துக்கு ஆகாததால் நாட்டின் முதன்மை லீக்கான ஐஎஸ்எல்லின் (இந்தியன் சூப்பர் லீக்) 2025-26 சீசனே இழுத்தடித்தது. அந்த நேரம் தங்கள் கிளப்பைத் திட்டிய ரசிகர்களில் பாதிப் பேர் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிரித்த பிறகு நிர்வாகப் புகார்களில் ஒன்றை மட்டும் முதலில் எடுங்கள். ஒரே ஒரு கோரிக்கை. கொல்கத்தாவில் 1889-ல் தொடங்கிய மோகன் பகான் 2020-ல் ஏடிகே என்ற ஐஎஸ்எல் கிளப்போடு சேர்ந்தபோது கிளப் பெயருக்கு முன்னால் 'ஏடிகே' ஒட்டிக்கொண்டது. ரசிகர்களுக்கு அந்த நிர்வாகத்தின் மேல் நூறு குறை இருந்தது. ஆனால் பேனரில் எழுதியது ஒன்றுதான்: 'ஏடிகே'-யை எடு. 2023 மார்ச்சில் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற இரவிலேயே உரிமையாளர் பெயர் மாற்றத்தை அறிவித்தார். நூறு குறையையும் பேனரில் ஏற்றியிருந்தால் இது நடந்திருக்காது என்பது என் கணிப்பு.

நம்ம ஊர்க் கிளப்புக்கு முதல் கோரிக்கை என்ன என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: கணக்கு. ஆளை மாற்றச் சொன்னால் அது பகையாகிவிடும். கணக்கைக் காட்டச் சொன்னால் மறுப்பவர்தான் காரணம் சொல்ல வேண்டும்.

படி 2: கிளப் சட்டப்படி யாருடையது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். மலையில் நாலைந்து வகை உண்டு.

*பதிவு செய்த சங்கம்.* டவுன் கிளப்புகள் பல இந்த வகை. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவாகியிருக்கும். லெட்டர்பேடிலோ ரசீதிலோ பதிவு எண்ணும் ஆண்டும் அச்சாகியிருக்கும். உங்களுக்கு மிகச் சாதகமான வகை இதுதான். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியும் இதைப் பற்றியதே.

*பதிவே இல்லாத கிளப்.* ஹட்டிகளிலும் (படுகர் ஊர்கள்) காலனிகளிலும் நிறைய. ஒரு பெயர், ஒரு ஜெர்சி, ஒரு வாட்ஸ்அப் குழு, அவ்வளவுதான். இருபது பேருக்கு மேல் உறுப்பினர் இருந்தாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒரு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) டோர்னமென்ட் நடத்தினாலே அந்தத் தொகை தாண்டிவிடும். இந்த மாதிரி இடங்களில் எடுத்ததும் சட்டம் பேச வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் கூடும் இடத்தில் விஷயத்தை வையுங்கள். கோயில் பணத்துக்குக் கணக்கு கேட்டுப் பழகிய ஊரில் பந்துக்குக் கணக்கு கேட்பது யாருக்கும் புதிதாகத் தெரியாது. முதல் கோரிக்கை 'பதிவு செய்யுங்கள்' என்பதாகவே இருக்கட்டும்.

*எஸ்டேட் அல்லது தொழிற்சாலை டீம்.* இங்கே கிளப் எஸ்டேட் அல்லது தொழிற்சாலை நிர்வாகத்துக்குச் சொந்தம். பொதுக்குழு, தேர்தல் எதுவும் கிடையாது. நல அலுவலரும் தொழிற்சங்கமும்தான் வழி. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே தொழிலாளர்களின் பொழுதுபோக்கு வசதிக்குத் தனிப் பிரிவு இருந்தது. எனவே மைதானமும் பந்தும் முதலாளி போடும் பிச்சை என்ற நினைப்பு வேண்டாம்.

*அறக்கட்டளை.* இதில் பத்திரம்தான் எல்லாம். அறங்காவலர்கள் வைத்ததே சட்டம், உறுப்பினர் என்ற பேச்சே இருக்காது. அகாடமி என்ற பெயரில் நடப்பவற்றில் சில இப்படி. பிள்ளையைச் சேர்க்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

*தனியார் கம்பெனி.* ஐஎஸ்எல் கிளப்புகள் இந்த வகை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

படி 3: பட்டியலுக்குள் நுழையுங்கள்

சங்கம் என்றால் துணைவிதி இருக்கும். நம்ம ஊரில் 'பை-லா' என்போம். அதன் நகலைக் கேளுங்கள். "அது பழைய பீரோவில் இருக்கு தம்பி, சாவி தலைவர்கிட்ட" என்ற பதில் வந்தால் சண்டை வேண்டாம். பதிவின்போது கொடுத்த நகல் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்கலாம். நீலகிரிக்கு அந்த அலுவலகம் உதகையில்.

துணைவிதியில் இவற்றைத் தேடுங்கள்: யார் உறுப்பினர் ஆகலாம், சந்தா எவ்வளவு, எத்தனை மாதம் பாக்கி வைத்தால் ஓட்டு போகும், பொதுக்குழுவுக்கு எத்தனை நாள் நோட்டீஸ், கோரம் (கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச வருகை) எவ்வளவு, சிறப்புப் பொதுக்குழு கூட்டச் சொல்ல எத்தனை பேர் கையெழுத்து வேண்டும், காசோலையில் யார் யார் கையெழுத்து.

அப்புறம் விண்ணப்பம் கொடுங்கள். தனியாக வேண்டாம், ஏழெட்டுப் பேராகப் போங்கள். பழைய வீரர்கள், பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர், குறிப்பாக அம்மாக்கள். அதிகாலையில் பிள்ளையை ஸ்வெட்டர் போட்டுக் கூட்டிவந்து பயிற்சி முடியும்வரை பனியில் நிற்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் கேள்வி கேட்டால் "உனக்கென்ன தெரியும்" என்று யாரும் சொல்ல முடியாது. சந்தாவைக் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தேதி போட்ட ரசீது இல்லாமல் நகராதீர்கள். ஓட்டுப் போடும் நாளில் 'பாக்கி இருக்கு' என்று வெளியே நிறுத்துவது மிகப் பழைய வித்தை.

படி 4: கணக்கைப் படியுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாக உட்காருவோம். கால்பந்து தெரிந்தவனுக்குக் கணக்கு பார்க்க வராது என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். உண்மையில் ஒரு டோர்னமென்ட் கணக்கைப் பார்க்க ஆடிட்டரைவிட அந்த டோர்னமென்ட்டை ஓரம் நின்று முழுசாகப் பார்த்தவனே பொருத்தமானவன்.

உதாரணத்துக்கு ஒரு செவன்ஸ் டோர்னமென்ட் எடுத்துக்கொள்வோம். 16 டீம், நாக்-அவுட்.

வரவில் முதல் வரி என்ட்ரி ஃபீஸ். ஒரு டீமுக்கு 2,500 ரூபாய் என்றால் 40,000 இருக்க வேண்டும். கணக்கில் 30,000 இருக்கிறதா? அப்படியானால் நாலு டீம் இலவசமாக ஆடியிருக்கிறது. இருக்கலாம், தூரத்திலிருந்து வந்த டீமுக்கு விட்டுக்கொடுப்பது வழக்கம்தான். எந்த நாலு என்று மட்டும் கேளுங்கள். ஃபிக்ஸ்சர் தாளைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால் இதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது.

அடுத்தது நன்கொடை. டோர்னமென்ட் நோட்டீஸை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. பத்திரப்படுத்துங்கள். முதல் பரிசு இன்னார், சுழல்கோப்பை இன்னார் நினைவாக, சிறந்த கோல்கீப்பர் பரிசு இன்ன பேக்கரி, ஜெர்சி இன்ன டீ ஃபேக்டரி என்று பெயர் பெயராக அச்சாகியிருக்கும். அந்தப் பெயர்களை வரவுப் பக்கத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். நோட்டீஸில் இருக்கிற பெயர் கணக்கில் இல்லையென்றால் கேள்வி. நன்கொடையாளர் வாங்கித் தந்த கோப்பை செலவுப் பக்கத்தில் கிளப் வாங்கியதாக இருந்தால் அது பெரிய கேள்வி.

ரசீதுப் புத்தகம்தான் எல்லாவற்றிலும் சுவாரசியம். கிளப் எத்தனை புத்தகம் அடித்தது என்பதை பிரஸ் பில் சொல்லும். பத்துப் புத்தகம் அடித்து ஏழின் அடிக்கட்டைதான் திரும்பி வந்திருக்கிறது என்றால், மீதி மூன்றும் யாரிடம் போயின என்று கேட்டால் போதும். கூட்டத்தில் யாராவது ஒருவர் தலையைக் குனிவார். மைதானத்தைச் சுற்றிப் போட்ட பஜ்ஜி, ஸ்வீட் கார்ன் கடைகளின் வாடகையையும் விட்டுவிடாதீர்கள். அது ரசீதே இல்லாமல் கை மாறும் காசு.

செலவுப் பக்கம் வருவோம். 16 டீம் நாக்-அவுட் என்றால் 15 மேட்ச். மூன்றாம் இடத்துக்கும் ஆட வைத்தால் 16. ரெஃப்ரி செலவு மொத்தத்தை இந்த எண்ணால் வகுத்தால் ஒரு மேட்சுக்கு எவ்வளவு என்று வரும். நடுவர்களை நேரில் தெரியுமல்லவா, ஒருவரிடம் கேட்டுவிடுங்கள், எவ்வளவு வாங்கினீர்கள் அண்ணா என்று. பந்து எத்தனை வாங்கினார்கள், இப்போது எத்தனை இருக்கிறது? வலை, கார்னர் கொடி, கோன், பிப் எல்லாவற்றுக்கும் இருப்புப் பதிவேடு இருக்கிறதா? லைன் போட எத்தனை மூட்டை சுண்ணாம்பு? மழை பெய்து இரண்டு தடவை போட்டிருந்தால் இரண்டு மடங்கு ஆகும், அதில் தப்பில்லை. மாவட்டத்தில் சின்னத் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கும்போது 'வாட்டர் பாட்டில்' என்று பில் வந்திருந்தால், அது பில்லுக்காக எழுதிய பில்.

'இதர செலவு' என்ற வரி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். 'முன்பணம்' என்று யார் பெயரிலாவது தொகை நின்றால், வருஷ முடிவில் அது ஏன் தீரவில்லை என்று கேளுங்கள்.

கெஸ்ட் பிளேயர் விவகாரம் தனி. மலைக்குக் கீழே மலப்புரம் செவன்ஸில் ஆப்பிரிக்க வீரர்களையே சம்பளத்துக்கு இறக்குகிறார்கள். அந்தக் காய்ச்சல் கூடலூர் வழியாக நமக்கும் ஏறிவிட்டது. காலிறுதி வரை உள்ளூர்ப் பையன்கள், அரையிறுதிக்கு வெளியூர்க் கால்கள். இதற்குப் போகும் பணம் பெரும்பாலும் வவுச்சர் இல்லாத ரொக்கம். யாராவது ஸ்பான்சர் கையிலிருந்து கொடுத்தார் என்பார்கள். அப்படியே இருந்தாலும் கிளப் பெயரில் கொடுத்த பணம் கிளப் கணக்கில் வர வேண்டும். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், மலைக் கிளப்புகளின் நிதியைக் கெடுப்பது திருட்டைவிட இந்தக் கௌரவச் செலவுதான். திருடனைப் பிடித்துவிடலாம். கோப்பைக்காகச் செலவழித்தேன் என்பவரை ஊரே தோளில் தூக்குகிறது.

ஒரு எச்சரிக்கை. கணக்கில் ஓட்டை தெரிந்த உடனே வாட்ஸ்அப்பில் "திருடன்" என்று போட்டுவிடாதீர்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 356-ஆம் பிரிவு அவதூறு பற்றியது. உங்கள் ஒரு வரி மெசேஜ் கணக்கு விவகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி உங்களை நீதிமன்றத்துக்கு அலைய வைக்கும். "இன்ன தொகைக்கு ரசீது இல்லை" என்று எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

படி 5: எழுத்தில் கேளுங்கள்

முதலில் வாயால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், மரியாதைக்கு. செயலாளர் தப்பானவராகவே இருக்க வேண்டும் என்றில்லை. பல இடங்களில் அவர் சம்பளமில்லாமல், சொந்தச் செல்போன் செலவில், வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு ஓடுகிறவர். கணக்கு எழுதத் தெரியாமல் விட்டிருப்பார். "உட்காருங்கண்ணா, நாங்க எழுதித் தர்றோம்" என்றால் அங்கேயே முடிந்துபோகும் விவகாரங்கள் உண்டு.

பதில் வரவில்லையா, சரி, கடிதம். இந்த அளவு போதும்:

"ஐயா, நான் நமது சங்கத்தின் உறுப்பினர் (உறுப்பினர் எண் ...). 2024-25 நிதியாண்டின் வரவு-செலவுக் கணக்கு, ரசீது அடிக்கட்டைகள், வவுச்சர்கள், வங்கிக் கணக்கு அறிக்கை, உறுப்பினர் பதிவேடு ஆகியவற்றை உறுப்பினர் என்ற முறையில் பார்வையிட விரும்புகிறேன். தங்களுக்கு வசதியான ஒரு நாளை 15 நாட்களுக்குள் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

கோபம் வேண்டாம், பழைய கதை வேண்டாம், 'கடும் நடவடிக்கை' வேண்டாம். கையெழுத்துப் போட்டு, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு வாங்குங்கள். பின்னால் எங்கே போனாலும் முதலில் கேட்பார்கள்: சங்கத்திடம் எழுத்தில் கேட்டீர்களா?

கிளப்பிடம் கேட்டுக் கிடைக்காத சிலவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 மூலம் பதிவாளர் அலுவலகத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளுக்குள். கிளப் கடைசியாக எந்த ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்தது, இப்போதைய நிர்வாகிகளாக யார் பெயர் பதிவில் இருக்கிறது, உறுப்பினர் பட்டியலில் எத்தனை பேர்? மைதானத்தின் வேலியோ கேலரியோ சட்டமன்ற உறுப்பினர் நிதியில் கட்டியிருந்தால், அதைச் செய்த அரசு அலுவலகத்திடமும் இதே சட்டத்தில் கேட்கலாம். கிளப்பிடம் நேராக இந்த மனுவைக் கொடுத்தால் எடுபடாது. சாதாரணத் தனியார் சங்கம் பொது அதிகார அமைப்பு ஆகாது.

படி 6: பொதுக்குழு

நிர்வாகத்தை மாற்றும் இடம் இது ஒன்றுதான், வேறு எதுவும் இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. திரும்பவும் அதே ஆள் ஜெயிக்கலாம், அது வேறு. ஆனால் தேர்தலே வைக்காமல் பத்து ஆண்டு உட்கார முடியாது.

பொதுக்குழு கூட்டவில்லை என்றால் துணைவிதியில் சொன்ன அளவு உறுப்பினர்கள் கையெழுத்திட்டு சிறப்புப் பொதுக்குழு கேட்கலாம். எதற்காகக் கூட்டச் சொல்கிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். பொருள் நிரலில் இல்லாத விஷயத்தைத் தீர்மானமாக்கினால் பிறகு எளிதாக உடைத்துவிடுவார்கள்.

நாள், நேரத்தைக் கவனியுங்கள். மாலை ஆறரை மணிக்கு உதகையில் கூட்டம் வைத்தால் மஞ்சூர், குந்தா பக்கத்து உறுப்பினர் வரமாட்டார். வந்தால் திரும்ப பஸ் இருக்காது. கூட்டம் வைத்தோம், யாரும் வரவில்லை என்று மினிட் புக்கில் எழுதிக்கொள்வார்கள். ஞாயிறு காலை பத்து, பதினொரு மணி என்று எழுத்தில் கேளுங்கள். இலை பறிக்கப் போகிறவர்களுக்கும் அதுதான் ஓய்வு நாள்.

உள்ளே போனதும் முதல் வேலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. வெள்ளைத் தாளில் வாங்கினால், மேலே கூட்டத்தின் பெயரும் தேதியும் எழுதிய பிறகே போடுங்கள். வெற்றுத் தாள் கையெழுத்துகள் நாளைக்கு எந்தத் தீர்மானத்துக்கு அடியில் போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. பேச ஒருவரை மட்டும் நிறுத்துங்கள், குரல் உயராத ஆளாகப் பார்த்து. கையைத் தூக்கி ஓட்டுப் போடச் சொன்னால் ரகசிய ஓட்டுக் கேளுங்கள். மாமன் மச்சான் உறவு பின்னிக் கிடக்கும் ஊரில் தூக்கிய கையைப் பத்து வருஷம் ஞாபகம் வைத்திருப்பார்கள். தோற்றால் உங்கள் எதிர்ப்பை மினிட் புக்கில் பதியச் சொல்லிவிட்டு வாருங்கள்.

படி 7: பதிவாளரிடம் போவது

சங்கத்தின் செயல்பாட்டையும் நிதி நிலையையும் விசாரிக்கப் பதிவாளருக்குச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் மனுக் கொடுத்தால் விசாரிக்கலாம். அவராகவும் எடுக்கலாம்.

இந்த 'மூன்றில் ஒன்று' என்பதில்தான் உறுப்பினர் பட்டியல் முக்கியமாகிறது. பட்டியலில் 90 பேர் என்றால் உங்களுக்கு 30 கையெழுத்து வேண்டும். அந்த 90-ல் இறந்துபோனவர்கள், திருப்பூருக்கும் துபாய்க்கும் குடிபோனவர்கள், பெயர் இருப்பதே தெரியாதவர்கள் முப்பது பேர் என்று வையுங்கள். மிச்சம் 60 பேரில் பாதியை நீங்கள் திரட்டியாக வேண்டும். செத்தவர்கள் பெயரை யாரும் சோம்பலால் விட்டுவைப்பதில்லை. எனவே கணக்குக்கு அடுத்த கோரிக்கையாகப் பட்டியலைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

தேர்தலில் யார் ஜெயித்தது, எந்தக் குழு உண்மையான குழு என்ற சண்டையைப் பதிவாளர் தீர்க்க முடியாது. சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் வேண்டாம் என்பதே என் யோசனை. இன்று அண்டர்-15 ஆடும் பையனுக்குக் கல்யாணம் ஆகும்போதும் வாய்தா ஓடிக்கொண்டிருக்கும்.

மாவட்டக் கால்பந்துச் சங்கத்திடம் வீரர் பதிவு, வேறு கிளப்புக்கு விடுவிக்க மறுப்பது, லீக் விதிமீறல் மாதிரியானவற்றை மட்டும் கொண்டுபோங்கள். உங்கள் கிளப்பின் ரசீதுப் புத்தகத்தை அவர்கள் தேட மாட்டார்கள்.

மைதானத்தில் எதிர்ப்பு காட்டலாமா?

காட்டலாம், ஆனால் பையன்கள் மேல் விழக் கூடாது. கல் எறிவது, ரெஃப்ரியைச் சுற்றி வளைப்பது, சொந்த கோல்கீப்பரை ஊளையிடுவது எல்லாம் நிர்வாகத்துக்குத்தான் லாபம். "பாருங்கள், ரவுடிகள்" என்று கேஸை மூடிவிடுவார்கள்.

ஜெர்மனியில் நடந்ததைப் பாருங்கள். அங்கே கிளப் உறுப்பினர்களிடம் ஓட்டுப் பெரும்பான்மை இருக்க வேண்டும் என்ற '50+1' விதி உண்டு. 2023 டிசம்பரில் லீக் நிர்வாகம் வெளி முதலீட்டாளரைக் கொண்டுவர ஓட்டெடுத்தது. ரசிகர்கள் வாரம் தவறாமல் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசினார்கள். மேட்ச் நிற்கும், பொறுக்குவார்கள், திரும்பத் தொடங்கும். யாருக்கும் அடியில்லை, டிவி நேரம் மட்டும் போகும். 2024 பிப்ரவரியில் லீக் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. கோத்தகிரி காந்தி மைதானத்தில் டென்னிஸ் பந்து வீசுங்கள் என்று சொல்லவில்லை. நிர்வாகத்துக்கு எது வலிக்கும், வீரனுக்கு எது வலிக்காது என்று அவர்கள் யோசித்தார்கள் அல்லவா, அந்த யோசனை வேண்டும். நம்ம ஊரில் நிர்வாகத்துக்கு வலிக்கும் இடம் பரிசளிப்பு மேடை. முதல் பத்து நிமிஷம் கைதட்டாமல் நிற்பது, துணிப் பேனரில் 'கணக்கு எங்கே?' என்ற ஒரே வரி, சிறப்பு விருந்தினர் பேசும்போது கேலரியைக் காலி செய்வது. வந்திருக்கும் நன்கொடையாளர்கள் அதைப் பார்ப்பார்கள். அவர்களிடம் அடுத்த ஆண்டு ரசீது கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நிர்வாகத்துக்கு உறுப்பினரைவிட ஸ்பான்சர் மேல்தான் பயம் அதிகம்.

டிவியில் பார்க்கும் பெரிய கிளப் என்றால்

நேர்மையாகச் சொன்னால், இங்கே வழி குறுகல். ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் 2018-19 சீசன் கடைசி நாளில் கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்சி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்திக் கோப்பை எடுத்தது. மலையிலிருந்து இறங்கிப்போய்ப் பார்க்கக் கூடிய தூரத்தில் ஒரு தேசிய சாம்பியன். சில ஆண்டுகளில் ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை. ரசிகனைக் கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. அது கம்பெனி, ரசிகன் வாடிக்கையாளர்.

ஆனாலும் கம்பெனி என்பதில் ஒரு நன்மை உண்டு. தாக்கல் செய்த ஆவணங்களை கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இயக்குநர்கள் யார், நஷ்டம் எவ்வளவு, கடன் யாரிடம் எல்லாம் அதில் இருக்கும். வதந்தியை நம்பிச் சண்டை போடுவதற்குப் பதில் நாலைந்து பேர் சேர்ந்து இதைப் பாருங்கள்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு உயிரை விடுகிறவர்கள் நிறைய. 2024 டிசம்பரில் அதன் ரசிகர் கூட்டமான மஞ்சப்படை, டிக்கெட் விற்பனையில் பங்கெடுக்க மாட்டோம் என்று அறிவித்து நிர்வாகத்துக்கு எதிராகக் குரல் கொடுத்தது. அதே மாதம் கோச் ஸ்டாரே நீக்கப்பட்டார். ரசிகர்கள் விரல் நீட்டியது நிர்வாகத்தை, போனது கோச். எந்தக் கிளப்பாக இருந்தாலும் முதலில் வரும் பதில் இப்படித்தான் இருக்கும். அதோடு திருப்திப்பட்டுக் கலைந்துவிடாதீர்கள்.

நிர்வாகம் உங்கள் கைக்கு வந்துவிட்டால்

நடக்கும். எதிர்பாராமல் நடக்கும். முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை: புது நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளரிடம் தாக்கல் செய்வது, வங்கியில் கையெழுத்து மாற்றம், பழைய மினிட் புக், ரசீதுப் புத்தகம், இருப்புப் பொருள்கள், பீரோ சாவி எல்லாவற்றையும் பட்டியலிட்டு இரு தரப்பும் கையெழுத்திட்டு வாங்குவது. வங்கிக் கணக்கில் மீதி எவ்வளவு என்பதை அன்றைய தேதியோடு நோட்டீஸ் பலகையில் ஒட்டுங்கள், குறைவாக இருந்தாலும் சரி.

பழைய செயலாளரை அவமானப்படுத்தி அனுப்ப வேண்டாம். புல் வெட்டும் மிஷின் யாரிடம் வாடகைக்குக் கிடைக்கும், மைதான அனுமதிக்கு எந்த மேஜையில் மனு கொடுக்க வேண்டும், அடைமழைக்கு எந்தக் கோல் போஸ்ட் பக்கம் தண்ணீர் நிற்கும் என்று அவருக்கு மட்டுமே தெரியும். மைதானக் குழு என்று ஒன்றைப் போட்டு அதில் உட்கார வையுங்கள். காசோலைப் புத்தகம் மட்டும் அவர் பக்கம் போகக் கூடாது.

முதல் டோர்னமென்ட் முடிந்த அடுத்த ஞாயிறே கணக்கை வைத்துவிடுங்கள். அப்போது உங்களிடமும் பிரஸ் பில்லைக் கேட்பார்கள்.